நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அது வெறும் ரிப்பேர் இல்லை!

ரோட்டுல லாரி நின்னா ஓரங்கட்டிட்டு மெக்கானிக்குக்கு போன் போடலாம். பாக் நீரிணையில விசைப்படகு நின்னா ஓரம் எது? காத்தும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்குதோ, அந்தப் பக்கம்தான் படகு போகும். 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு தண்ணியில எழுதி வைக்கப்படவில்லை. இன்ஜின் பழுதாகி மிதந்துபோய்ப் பிடிபட்ட மீனவர்களின் செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். பிடிபடும் படகு எல்லாமே பழுதால் போனவை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் பழுதால் போகும் ஒரு படகை ஒரு ஃபில்டர் தடுத்திருக்கும் என்றால், அந்த ஃபில்டரைப் பற்றிப் பேசுவதும் அரசியல்தான்.

ஓடிக்கொண்டிருந்த டீசல் இன்ஜின் திடீர்னு நின்னா, அனுபவமுள்ள மெக்கானிக் முதல்ல பார்ப்பது டீசல் வர்ற வழியைத்தான். டேங்க், தண்ணி பிரிக்கிற கிண்ணம், ஃபில்டர், ஃபீட் பம்ப், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில். இந்த வழிக்கு மூணு எதிரிங்க: தண்ணி, தூசி, காத்து.

இன்ஜெக்‌ஷன் பம்புக்கு உள்ளே இருக்கிற பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. அந்த இடத்துக்கு மசகு எண்ணெயே டீசல்தான். அதில் தண்ணி கலந்தால் துருப்பிடிக்கும், தேயும். அப்புறம் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்ற வேண்டும். மாசக்கணக்கில் உழைத்துச் சேர்த்த காசு அங்கே போய்விடும்.

இதில் ஒரு கொடுமையையும் கவனிங்க. டேங்க் அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த கசடு, கடல் அமைதியா இருக்கிற வரைக்கும் அடியிலயே கிடக்கும். அலை தூக்கிப் போடும்போதுதான் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். அதாவது, இன்ஜின் எப்போ கண்டிப்பா ஓடணுமோ, அப்போதான் நிற்கும்!

படகில் போகிற ஒவ்வொரு தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

▪ கிளம்பும் முன் டேங்க் அடி வால்வையும் தண்ணி பிரிக்கிற கிண்ணத்தையும் திறந்து, சுத்தமான டீசல் வரும் வரை வடியுங்கள். வடித்ததை டப்பாவில் பிடியுங்கள், கடலில் ஊற்றாதீர்கள்.

▪ சும்மா ஓடும்போது நல்லா இருந்து, வலை இழுக்கும்போது இன்ஜின் திணறினால் முதல் சந்தேகம் ஃபில்டர் அடைப்பு. படகில் எப்போதும் ரெண்டு புது ஃபில்டர் இருக்கட்டும்.

▪ ஃபில்டர் மாற்றினால் காற்று எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பிலும் இதையே செய்யுங்கள்.

▪ காற்று எடுத்தும் திரும்பத் திரும்ப நின்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள ரப்பர் குழாயையும் கிளிப்பையும் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். அதனால்தான் கண்ணில் படாமல் ஏமாற்றும்.

▪ கறுப்புப் புகை வந்தால் நாசில் சரியாகத் தெளிக்கவில்லை, காற்று ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது சுமை அதிகம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணி கலந்திருக்கிறது.

▪ உயர் அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா கையையே இழக்கிற ஆபத்து உண்டு. பட்டுவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும்.

சரி, இதெல்லாம் மீனவர் பார்த்துக்க வேண்டியதுதானே, அரசுக்கு இதில் என்ன வேலைன்னு சிலர் கேட்கலாம். சொல்றோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் வலை பின்னுவதும் அப்போதுதான். ஆனால் வருமானமே இல்லாத அந்த ரெண்டு மாசத்தில் பம்பையும் நாசிலையும் கழற்றிச் சோதிக்க எத்தனை பேரிடம் பணம் இருக்கும்? தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் பருப்புக்கும்தான் போகிறது. அதனால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இது அலட்சியமில்லை தோழர்களே, வறுமை. போதாக்குறைக்கு, பாதி காலியாக நிற்கும் டேங்கில் ஈரக்காற்று வேர்த்து, அந்தத் தண்ணி அடியில் சேருகிறது. ஜூன் 15 அதிகாலை ஆர்வமாகக் கடலுக்குப் போகிறவர் அதோடுதான் போகிறார்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

1) தடைக்காலத்தில் ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்துக்கும் நாசில் சோதனைக் கருவியோடு நடமாடும் பணிமனை வர வேண்டும். சோதனை இலவசமாக, உதிரிபாகம் மானியத்தில் கிடைக்க வேண்டும்.

2) மீனவர்களுக்கு வரிவிலக்கு டீசல் தரும் பங்குகளில், நிலத்தடி டேங்கில் தண்ணி இருக்கிறதா என்று அளவுகோலில் பசை தடவிப் பார்க்கும் சோதனையை மீனவர் கண்ணெதிரே செய்ய வேண்டும். விலை குறைச்சல் என்பதற்காகத் தரமும் குறையக் கூடாது.

3) ஐடிஐயில் 'மெக்கானிக் டீசல்' படிப்பு இருக்கிறது. கடலோர ஐடிஐகளில் அதோடு படகு இன்ஜின் பயிற்சியும் சேர வேண்டும். நம்ம ஊர்ப் பிள்ளை படித்து, நம்ம துறைமுகத்திலேயே வேலை பார்க்கணும்.

மீனவர் கைதானால் கடிதம் எழுதுவதும், கண்டன அறிக்கை விடுவதும், போராடுவதும் தேவைதான். நாமும் செய்வோம். ஆனால் கைதுக்கு அப்புறம் காட்டுகிற வேகத்தில் பாதியை அதற்கு முன்னாடி காட்டினால், சில வீடுகளில் அந்த அழுகையே கேட்காது. கரையில் நின்று கடலைப் பார்க்கும் அம்மாவுக்கு வேண்டியது நம் கண்டன அறிக்கை இல்லை. திரும்பி வரும் இன்ஜின் சத்தம்.

இந்தப் பதிவை உங்கள் துறைமுக வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். உங்கள் ஊர் டீசல் பங்கில், துறைமுகத்தில் என்ன நிலைமை என்று கமென்டில் எழுதுங்கள். அதைத் தொகுத்து மனுவாகக் கொண்டுபோவோம்.

#கரைதிரும்பட்டும்படகு