பூஸ்டை ஏற்றும் முன் பம்ப்பைப் பாருங்கள்

பழைய சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் வாங்கும் நம் இளைஞர்கள் முதலில் மாற்றுவது சைலன்சரை. அடுத்து டர்போவின் பூஸ்டை ஏற்றுவார்கள். டேங்கிற்குள் கிடக்கும் பெட்ரோல் பம்ப் யார் கண்ணிலும் படாது.

ஊருக்குள் ஓட்டும்போது குறையே தெரியாது. மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கும்போதுதான் வினை. டர்போ ஊதாதபோது இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் அழுத்தம் போதும். பூஸ்ட் 1.5 பார் ஏறினால், பம்ப் 4.5 பாரில் தள்ள வேண்டும். அழுத்தம் கூடக்கூட எந்தப் பம்ப்பும் தரும் பெட்ரோல் குறையும். காற்று மிஞ்சி, பெட்ரோல் குறைந்தால் 'நாக்கிங்' வரும், பிஸ்டன் உடையும். பம்ப்புக்குச் சில நூறு வெள்ளி, இன்ஜினுக்குப் பல ஆயிரம்!

மணிக்கு 255 லிட்டர் தரும் வால்புரோ பம்ப்பைப் பலரும் போடுகிறார்கள். பழைய மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்தால் அதுவும் சோம்பேறிதான். பேட்டரியிலிருந்து பியூசோடு தடித்த வயர், ரிலே இரண்டையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும். சாவியைத் திருப்பினாலே ஓடும்படி குறுக்குவழியில் இழுத்துவிட்டால், மோதலில் குழாய் அறுந்தாலும் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். டைனோவில் காற்று–பெட்ரோல் கலவையைப் பார்த்த பிறகே பூஸ்டைத் தொடுங்கள்.

பம்ப்பின் மூடி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, பிள்ளைகள் உட்காரும் இடம். கழற்றினால் ரப்பர் சீலையும் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.