பெட்டிக்குத் தெரியுமா?

பலவீனப்பட்ட இருதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்தால், மின்சார அதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும் சிறு பெட்டி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். தம் ஆசிரியர் இருதயக் கோளாறால் 1966-ல் மாண்டுபோன துயரத்தில் டாக்டர் மிஷெல் மிரோவ்ஸ்கி இதற்காகப் பாடுபட்டார். 1980-ல் பால்ட்டிமோரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். எத்தனையோ பேர் பிழைத்தார்கள். பெட்டியை நான் பழிக்கவில்லை.

என் வழக்கெல்லாம், அதை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் டாக்டர்களோடுதான். வருஷக்கணக்கில் தளர்ந்துவரும் இருதயம் ஒருநாள் அடங்கத்தானே போகிறது? இது இறுதி மூச்சு என்று பெட்டிக்குத் தெரியுமா? அது தன் கடமையைச் செய்கிறது. உதைக்கிறது, மறுபடியும் உதைக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும், அதிர்ச்சியை மட்டும் நிறுத்தக் கத்தி வேண்டாம். வெளியிலிருந்தே ஒரு கருவியால் அணைத்துவிடலாம். அவசரத்துக்கு, பெரும்பாலான பெட்டிகளை மார்பின்மேல் வைக்கும் ஒரு காந்தமே அடக்கிவைக்கும். நோயாளி விரும்பினால் அணைப்பது சட்டத்துக்கோ தர்மத்துக்கோ விரோதமல்ல என்று அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2010-லேயே சொல்லியாயிற்று.

“முன்கூட்டிச் சொன்னால் நோயாளி மனம் ஒடிந்துபோவார்” என்கிறார்கள். ஆப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது ஒடியாத மனமா, ‘வேண்டாமென்றால் அணைக்கலாம்’ என்ற ஒரு வாக்கியத்தில் ஒடிந்துவிடும்?