வீடும் விஞ்ஞானமும்: மீன்தொட்டிக்குச் சூரிய விளக்கு

பேத்துப்பாறையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் நம் முன்னே கிடக்கிறது. கொடைக்கானல் மலையில், அஞ்சுவீடு அருவிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். சகோதரியின் வீட்டில் இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஒன்றேகால் அடி ஆழமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் மூன்று அங்குல நீளமுள்ள தங்கமீன்கள் ஏழு இருந்தன. தொட்டியை முதலில் கிழக்கு ஜன்னலருகே வைத்தார்களாம். ஒரு மாதத்துக்குள் ஜலம் முழுவதும் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. பிறகு கூடத்தின் உட்புறத்துக்கு மாற்றினார்கள். ஜலம் தெளிந்தது, ஆனால் அதில் நட்டிருந்த தழைகள் அழுகத் தொடங்கின. சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் சூரியனையே காணோம். விடியற்காலை வேளைகளில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அந்த வாரத்தில் இரண்டு மீன்கள் இறந்தன. பத்து வயதுப் புதல்வன் அன்று சாப்பிட மறுத்துவிட்டானாம்.

இப்போது அவர் கணவர், கூரையைத் துளைத்து ஒரு பளபளப்பான குழாயை இறக்கி, சூரிய வெளிச்சத்தை நேரே தொட்டிக்குள் விடலாம் என்கிறார். “இது ஆகிற காரியமா? ஆகுமானால், எஞ்சியிருக்கும் ஐந்து மீன்களையும் அது காப்பாற்றுமா?” என்பது சகோதரியின் கேள்வி.

ஆகிற காரியம்தான். ஆனால் அந்தக் குழாய் ஒன்றை மட்டும் நம்பினால் மீன்கள் பிழைக்கா. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

கூரை வழியாக வெளிச்சத்தை இறக்குவது நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் வீடுகளின் சமையலறையில், ஓடுகளுக்கிடையே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியாக விழும் வெயில் பகல் முழுவதும் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கடிகாரம் இல்லாத வீட்டில் அதைப் பார்த்தே உலை வைத்தார்கள். குழாயும் அந்தக் கண்ணாடி ஓட்டின் தம்பிதான். மேலே ஒரு தெளிவான கவிப்பு, நடுவில் உட்புறம் கண்ணாடிபோல் மினுக்கிய குழாய், கீழே வெளிச்சத்தைப் பரப்பும் ஒரு வெண்பால் தகடு: இவ்வளவே. 1980-களில் ஆஸ்திரேலியாவில் இது விற்பனைச் சரக்காக உருவாயிற்று. 2002-இல் பிரேஸில் தேசத்து மெக்கானிக்கான ஆல்பிரெடோ மோஸர் என்பவர், நீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியைத் தகரக் கூரையில் செருகி, காசு செலவின்றி அறைக்கு வெளிச்சம் தந்தார். அது அறைக்கு நன்று. ஆனால் புட்டி வெளிச்சத்தை நாற்புறமும் இறைத்துவிடும்; தொட்டி ஒன்றின்மீது மட்டும் விழச்செய்வதற்குக் குழாய்தான் ஏற்றது.

சகோதரியின் ஊருக்கு மேலே, கொடைக்கானலிலேயே, சூரியனைக் குழாய் வழியே அழைத்து வரும் வித்தை பிரம்மாண்டமாக நடக்கிறது. 1899-இல் நிறுவப்பெற்று, 1901 முதல் சூரியனை ஆராய்ந்துவரும் வானாராய்ச்சி நிலையத்தில், 1960-இல் ஒரு சுரங்கத் தொலைநோக்கியை அமைத்தார்கள். 11 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, அதன் கிரணங்களைக் கீழே தள்ளுகின்றன. அங்கே மற்றொரு கண்ணாடி அவற்றை வாங்கி, 60 மீட்டர் நீளமுள்ள பூமிக்கடியிலான சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறது. முடிவில், 34 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சூரியன் விஞ்ஞானிகளின் முன்னே வந்து நிற்கிறான்! சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடி நம் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நம் குழாய்க்குள் கிரணங்கள் சாய்ந்து நுழையும். சுவரில் மோதி மோதித்தான் கீழே வரும். செய்பவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான்.

பத்து அங்குல அகலமும் ஆறடி நீளமும் உள்ள குழாய் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஒரு கிரணம் ஏறத்தாழ ஏழு முறை சுவரில் மோதும். இதற்கென்றே செய்த ஒட்டுத்தாள், விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 98 பங்கைத் திருப்பும். ஏழு மோதலுக்குப் பின்னும் 87 பங்கு மிஞ்சும். மினுக்கிய அலுமினியம் 85 பங்கு திருப்புகிறது என்றால், மிஞ்சுவது 32. வீட்டில் கிடக்கும் பழைய தகரத்தைச் சுருட்டிப் போட்டு, அது நூற்றுக்கு 60 பங்கே திருப்புமானால், கீழே வந்து சேர்வது நூற்றில் மூன்று! ஒரு முறைக்கு அற்பமாய்த் தோன்றும் நஷ்டம் ஏழு முறையில் இப்படிக் குடியைக் கெடுக்கிறது. கூட்டுவட்டிக் கடன் வாங்கியவர்களுக்கு இது விளங்கும். ஆகையால் சிக்கனம் பார்க்கிறவர்கள் மற்ற எதில் வேண்டுமானாலும் பார்க்கட்டும். உட்புறத்து மினுக்கில் வேண்டாம். குழாய் எவ்வளவுக்கெவ்வளவு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மோதல்கள் குறையும்.

மேனாட்டுப் புத்தகங்கள், “தெற்குப் பார்த்த கூரைச் சரிவில் பொருத்துக” என்று ஒரே குரலில் சொல்லும். லண்டனுக்கு அது வேதவாக்கு. பேத்துப்பாறை ஏறக்குறைய பத்தேகால் டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 16-ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்டு 27-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறான். இடைப்பட்ட நான்கு மாதங்களும் அவன் வடபால் வானத்தில்! மார்கழி நண்பகலிலும் 56 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே நமக்கு ஏற்றது முகட்டுக்கு அருகில், செங்குத்தாக நிற்கும் குழாய். வாலறுந்த நரி மற்ற நரிகளுக்குச் சொன்ன யோசனையை நாமும் பின்பற்ற வேண்டுவதில்லை.

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் பத்து அங்குல வாயில் விழும் வெளிச்சத்தில் பாதி கீழே வந்தாலும், ஒரு நல்ல 36 வாட் டியூப் லைட்டுக்கு அது ஏறக்குறைய ஈடாகும். இரண்டடித் தொட்டிக்கு இது தாராளம். அதே சமயம் உஷ்ணமோ மிகக் குறைவு. சகோதரியின் தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 70 லிட்டர் ஜலம் கொள்ளும். ஜன்னல் வெயில் மூன்று மணி நேரம் பக்கவாட்டுக் கண்ணாடி முழுவதிலும் விழுந்தால், வெளியே கசியும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிடில், ஜலம் நான்கு டிகிரி வரை சூடேறும். குழாய் வழி வருவது ஒரு டிகிரிக்கும் உட்பட்டதே. மலைக் குளிரில் இரவு ஜில்லென்றும், காலையில் வெதுவெதுப்பாகவும் தத்தளிக்கும் ஜலம் மீனுக்கு ஆகாது.

வெளிச்சம் மேலிருந்து விழுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. முதுகின்மேல் ஒளி படும்படி நிமிர்ந்து நீந்துவது மீனின் இயல்பு. பக்கத்திலிருந்து மட்டும் பலமாக வெளிச்சம் வந்தால், பல மீன்கள் அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்துக் கோணலாக நீந்தும். ஜெர்மானிய விஞ்ஞானி எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். ஜன்னலோரத் தொட்டியில் மீன் சாய்வதைக் கண்டு நோய் என்று பயந்து, மருந்தைக் கொட்டியவர்களை நாம் அறிவோம். மேலும், மின்விளக்கைப் பொத்தென்று போட்டால் மீன்கள் திடுக்கிட்டுத் தொட்டியில் முட்டிக்கொள்ளும். குழாயில் பொழுது விடிவதுபோலவே வெளிச்சம் மெல்ல விடியும்.

இனி அந்த ஐந்து மீன்களின் விஷயம்.

தழைகள் வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிடும். இருட்டிலோ நம்மைப்போல் அவையும் பிராணவாயுவை உட்கொள்ளும். ஆகவே இரவு முழுதும் மீன், தழை, அடியில் அழுகும் இலை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என எல்லாமே ஜலத்திலுள்ள வாயுவைச் செலவு செய்கின்றன. வரவு மிகக் குறைந்து நிற்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன். சகோதரி கண்ட காட்சி அந்த நேரத்துக் காட்சி. மழைவாரத்தில் பகலிலும் தழைகளுக்கு வெளிச்சம் கிட்டவில்லை. அழுகிய தழைகள் வாயுவை வாங்கிக்கொண்டேயிருந்தன. மீன்கள் மூச்சுத் திணறின.

மலைவாசிகள் ஞாபகத்தில் வைக்கவேண்டிய ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. சமவெளியில், 20 டிகிரி உஷ்ணமுள்ள ஜலம் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் காற்று மெலிந்திருப்பதால், அதே ஜலம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரைத்துக்கொள்ளும். பேத்துப்பாறை நகரத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் இழப்பு சற்றுக் குறையலாம், இல்லாமற் போகாது. சென்னைக் கொளத்தூரிலிருந்து வரும் மீனுக்கும், அங்கே சொல்லிக்கொடுத்த கணக்குக்கும் மலையில் வேறு விலை.

பிராணவாயு தொட்டிக்குள் புகுவது பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகத்தான். அதனால்தான் பழைய மீன் வளர்ப்பாளர்கள் ஆழத்தை அளக்காமல் மேற்பரப்பை அளந்தார்கள். குளிர்நீர் மீனுக்கு, உடல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 24 சதுர அங்குல மேற்பரப்பு என்பது அவர்கள் விதி. சகோதரியின் தொட்டிக்கு மேற்பரப்பு 288 சதுர அங்குலம். சமவெளியில் பன்னிரண்டு அங்குல மீன் தாங்கும். மலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் ஒன்பதரை. மூன்று அங்குல மீனாக மூன்று! அங்கே இருந்தனவோ ஏழு, இருபத்தோர் அங்குலம். வெயில் நாட்களில் தழைகள் அந்தக் குறையை மறைத்து வந்தன. மழை வந்து மறைப்பை நீக்கிற்று.

குழாயின் ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுள்ள வெளிச்சம், மஞ்சு மூடிய நாளில் பத்தில் ஒரு பங்காகவோ, அதற்கும் கீழாகவோ குறையும். மாசி, பங்குனியில் தழைகள் செழித்து, ஜலம் பளிங்குபோல் நின்று, வீட்டார் மகிழ்ந்து, மேலும் நான்கு மீன் வாங்கிவிடுவார்கள். கணக்கு தீர்க்க ஐப்பசி வரும். சூரிய வெளிச்சத் தொட்டியில் எத்தனை மீன் என்பதை வருஷத்தின் மிக இருண்ட வாரத்தைக் கொண்டே நிச்சயிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆதலால், சகோதரி ஐந்தில் இரண்டை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடட்டும். தயவுசெய்து அருவிக்குப் போகும் ஓடையில் விடவேண்டாம். ஓடையில் தலைமுறை தலைமுறையாக வாழும் சிறு மீன்களுக்கு அந்நிய விருந்தாளி செய்யும் அநியாயத்தை நாம் வேறோர் இதழில் எழுதுவோம். அழுகிய இலைகளை அன்றன்று எடுத்துவிடுக. தங்கமீன் மெல்லிய தழைகளைக் கொறித்துத் தின்றுவிடும் ஆகையால், ரிப்பன்போல் நீண்டு உறுதியான இலையுள்ள வாலிஸ்னேரியா போன்றதை நடுக.

மழை மாதங்களுக்கு ஒரு 9 வாட் எல்.ஈ.டி. விளக்கைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் சுதேசி விரதம் ஒன்றும் கெட்டுவிடாது. தினம் ஆறு மணி நேரம் எரித்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் பதினெட்டு நாள் வரும். காற்றுக் குமிழி விடும் சிறு பம்பு ஒன்றும் இரவில் ஓடட்டும். புயல் மழையில் மின்சாரம் நின்றுபோகும் ஊர்களில், பாட்டரியில் ஓடும் பம்பே தகும். அதுவும் இல்லாவிடில், விடியற்காலையில் ஒரு குவளையால் தொட்டி ஜலத்தையே முகந்து, ஓரடி உயரத்திலிருந்து பத்து நிமிஷம் ஊற்றிக்கொண்டிருந்தால் மீன் பிழைக்கும். புதல்வனுக்கு இந்த வேலையை ஒப்படைக்கலாம்.

குழாயின் அடிவாய் ஜலமட்டத்துக்கு ஓரடிக்கு மேலே இருக்கட்டும். வெண்பால் தகட்டைக் கழற்றும்படி அமைக்க வேண்டும், ஆவி படிந்து பாசி பிடிக்கும். ஜலம் மீண்டும் பச்சை கொடுத்தால், நண்பகலில் இரண்டு மணி நேரம் ஒரு துணியால் வாயை மூடி வைத்தால் போதும். மேலே உள்ள கவிப்பு கனத்ததாக இருக்கட்டும். மலைக் குரங்குகளுக்கு மின்னும் பொருளென்றால் தனிப் பிரியம். கூரையைத் துளைக்கும் வேலையை மாசியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிட்டால், கோடை மழையில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அடைத்துக்கொள்ள ஐப்பசி வரையில் அவகாசம் இருக்கிறது.