வாகனம் தானாகப் பாயுமா?

சென்ற வாரம் பண்டத்தரிப்புச் சந்தியில் வியாபார நண்பர் ஒருவரைக் கண்டேன். சாமான் ஏற்ற வாங்கிய ஒட்டோமெட்டிக் வாகனம் தானாகவே பாய்ந்து மதிலை இடித்துவிட்டதாம். ஓடியவர் கியர் வாகனத்தில் பழகிய கடைத் தம்பி. இப்போது அரை விலைக்கேனும் விற்றுவிட நிற்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இது பழைய கதை. 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று, அவுடி 5000 கார் தானாகப் பாய்வதாகக் காட்டியது. அங்கே அவுடி விற்பனை படுத்துவிட்டது. 1989இல் அரசாங்க ஆய்வு வெளிவந்தது: பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து எக்சிலேட்டரை மிதித்ததே காரணம்! 2019இல் டோக்கியோவில் ஒரு தாயும் பிள்ளையும் பலியான விபத்திலும் முதிய சாரதி காரையே குறை சொன்னார். 2021இல் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஐந்தாண்டுச் சிறை விதித்தது.

அதற்காக வாகனத்தில் பிழையே வராது என்பதல்ல. தரைவிரிப்பில் எக்சிலேட்டர் சிக்கியதாலும், எக்சிலேட்டரே இறுகியதாலும் 2009, 2010இல் டொயோட்டா இலட்சக்கணக்கான கார்களை மீள அழைத்தது. இலத்திரனியல் கோளாறு எதையும் 2011இல் நாசா பொறியியலாளர்கள் காணவில்லை. ஆனாலும் இருந்த குறையை மறைத்ததற்காக 2014இல் அந்தக் கம்பனி 120 கோடி டொலர் கட்டியது.

நண்பரிடம் சொன்னேன்: முதலில் கராஜில் காட்டுங்கள். விரிப்பைப் பாருங்கள். தம்பியை ஏசாமல், கால் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பிழை இருந்தால் வாங்குபவரிடம் மறைக்க வேண்டாம். இல்லையென்றால், நல்ல வாகனத்தை வீண் பயத்தில் விற்க வேண்டாம்.