மீட்ட பிறகு வைக்கோல் போடுவது யார்?

"சட்டவிரோதமாக லொறியில் ஏற்றிச் செல்லப்பட்ட 14 மாடுகள் மீட்பு, சாரதி கைது."

முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைப் பணியில் இந்தச் செய்தியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மாடுகளின் எண்ணிக்கை மாறும், சோதனைச் சாவடி இருந்த ஊரின் பெயர் மாறும், ஏனையவை அப்படியே இருக்கும். அனுமதிப்பத்திரம் இல்லை, மாடுகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன, சந்தேகநபர் நீதிவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்படவுள்ளார். ஒற்றைப் பத்தியில் செய்தி முடிந்துவிடும். அந்த மாடுகள் அன்றிரவு எங்கே நின்றன, அவற்றுக்கு யார் தண்ணீர் வைத்தார்கள், வழக்கு முடிந்தபின் எங்கே போயின என்று நான் ஒருமுறையேனும் விசாரித்ததில்லை. ஆசிரியபீடத்திலும் எவரும் என்னிடம் கேட்டதில்லை. "மீட்பு" என்ற சொல்லோடு எங்கள் கடமை நிறைவேறிவிட்டதாகவே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அந்தக் கேள்விக்கான விடையை மிகவும் பிந்தி, ஓர் ஆவணி மாதத்தில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் செல்லும் வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிரவல் பாதையின் முடிவில் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே ஆறு ஏக்கர் காணியில் 43 மாடுகளையும் 19 ஆடுகளையும் அறுபதுக்குக் கிட்டிய கோழிகளையும் வைத்துப் பராமரிக்கிறார். பால் விற்பதில்லை. முட்டைகூட வேலைக்கு வரும் இரு குடும்பங்களுக்கும் அயலவருக்கும் போய்விடுகிறது. விற்பதற்கென்று அங்கே எதுவும் இல்லை. வெளிநாடுகளில் இத்தகைய இடங்களைப் பண்ணை விலங்குகளின் சரணாலயம் என்பார்கள். இந்தியாவில் கோசாலை என்பார்கள். அவர் "பட்டி" என்று மட்டும் சொல்கிறார். தன் பெயரையோ இடத்தையோ எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். காரணம் எளிது. பெயர் வெளியே வந்தால் மறுவாரமே படலையில் பத்து மாடுகள் கட்டப்பட்டிருக்கும்.

அங்கே மூன்று நாட்கள் தங்கினேன். அந்த மூன்று நாட்களில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். நம்மவர்களிடம் மீட்பதற்குப் பணம் இருக்கிறது, வைக்கோலுக்கு இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். உள்ளூர் மாடு சிறியதுதான். ஆயினும் ஒரு நாளைக்கு இருபது கிலோகிராமுக்குக் குறையாமல் பச்சைத் தீன் வேண்டும். 43 மாடுகளுக்கு அது ஏறத்தாழ 900 கிலோகிராம். வெயில் நாளில் மாடொன்று முப்பது லீற்றர் தண்ணீர் குடிக்கும். கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு 1,300 லீற்றர் இறைக்க வேண்டும். மழைக்காலத்தில் புல்லுக்குக் குறைவில்லை. ஆனி தொடங்கிப் புரட்டாதி வரையில் வன்னியில் தரையில் புல் நுனிகூட மிஞ்சாது. அப்போது கிளிசரியாக் குழையும் பூவரசங் குழையும் வைக்கோலுந்தான். வைக்கோலும் முன்போல் இல்லை. சூடடித்த காலத்தில் களத்திலேயே போராகக் குவிந்து கிடந்தது. இப்போது அறுவடை இயந்திரம் நெல்லை மாத்திரம் எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுப் போகிறது. கமக்காரர் அதற்கு நெருப்பு வைக்கிறார். நெருப்பு வைப்பதற்கு முன்னர் உழவு இயந்திரத்தோடும் இரண்டு கூலியாட்களோடும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே இவருடைய மாசி, பங்குனி மாதக் கவலை முழுவதும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. எழுபதை எட்டிக்கொண்டிருந்த அந்த அம்மையார் வாரக்கணக்கில் வாளியால் அள்ளி ஊற்றியிருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில், மண்டூஸ் புயல் கடந்துபோன நாட்களில் வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் பத்திரிகைகளில் அது இரண்டு நாள் தலைப்புச் செய்தி. அவருடைய பட்டியில் ஒன்பது. கொட்டிலின் கூரைக்குள் எல்லா மாடுகளும் அடங்கவில்லை. இளம் மாடுகளை வெளியே விட்டுக் கிழடுகளை உள்ளே கட்டினார். கிழடுகள் தப்பின. "நான் பிழையாகக் கணக்குப் போட்டுவிட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

கஷ்டங்களை மாத்திரம் எழுதினால் அது உண்மைக்குப் புறம்பாகும். காலை ஐந்து மணிக்கு அவர் கொட்டிலுக்குள் போகும்போது நானும் கூடப் போனேன். வண்டில் இழுத்து ஓய்ந்த ஒரு கிழட்டு நாம்பன் அங்கே உண்டு. கழுத்தில் நுகம் அழுத்திய இடத்தில் மயிரில்லாத காய்ப்பு. வந்த புதிதில், ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது படுக்கவே படுக்காதாம். படுத்திருந்தாலும் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்குமாம். படுத்திருக்கும் மாட்டை எழுப்புவதற்கு மனிதர் கையாளும் வழிகள் அதற்குத் தெரிந்திருந்தன. எட்டு மாதம் கழித்து ஒருநாள் காலை இவர் உள்ளே நுழைந்தபோது அது எழவில்லை. நோயோ என்று பதறி அருகே போனாராம். நோயில்லை. அசைபோட்டபடி படுத்திருந்தது. அன்று நானும் பார்த்தேன். எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அது தன் அசைபோடலைத் தொடர்ந்தது. "இதுக்காகத்தான்" என்றார் ரீச்சர்.

கோழிகளின் கதை வேறு. கூடுகளில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழியை, இடுவது குறையத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒன்றரை வயதில் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிக்கப்பட்ட இருபது கோழிகளை ஒருமுறை வாங்கிவந்து முற்றத்தில் விட்டாராம். மண்ணைக் காணாத கால்கள். இரண்டு நாட்களாக விட்ட இடத்திலேயே குந்தியிருந்தனவாம். மூன்றாம் நாள் ஒன்று மண்ணைக் கிளறி, அதில் புரண்டு, இறகுகளுக்குள் புழுதியை உதறிவிட்டுக்கொண்டது. அதற்கு அதைக் கற்பித்த தாய்க்கோழி கிடையாது. மாலைக்குள் இருபதும் புழுதி குளித்தன. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

இனி, சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடியதையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் மாடு வதைக்கு எதிரான குரல் ஓங்கி ஒலிக்கும்போதெல்லாம் அது ஒரு சமூகத்தின் மீது விரல் நீட்டுவதாகவே முடிகிறது. 2013இல் கண்டியில் ஒரு பௌத்த பிக்கு மாடறுப்புக்கு எதிராகத் தீக்குளித்து மாண்டார். ஹலாலுக்கு எதிரான கூச்சல் உச்சத்தில் இருந்த காலம் அது. நம்மவரிலும் அதே தொனியில் பேசுவோர் உண்டு. ஆனால் அந்தப் பட்டியில் நின்ற மாடுகளின் குறிகளைப் பாருங்கள். சுடப்பட்ட எழுத்துகள் எல்லாம் நம் ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகள். இறைச்சிக்கடைக்காரர் மாட்டைக் களவெடுத்துக்கொண்டு போகும் சம்பவங்கள் இல்லாமலில்லை. பெரும்பாலானவை விலைக்குப் போனவை. விற்றவர் பட்டிப் பொங்கலன்று அதே மாட்டுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டவர். அவரைக் குற்றஞ்சாட்டவும் எனக்கு மனம் வரவில்லை. பால் வற்றிய பசு பத்து வயதில் தொடங்கி இருபது வயதுவரை உயிரோடிருக்கக்கூடும். அந்தப் பத்து வருட வைக்கோலை அவர் எங்கிருந்து எடுப்பது?

பால் குடிக்கும் நாமும் இதில் பங்காளிகள். கன்று ஈனாத பசு பால் தருவதில்லை. ஈன்ற கன்றுகளில் பாதி நாம்பன். உழவு இயந்திரம் வந்தபின் நாம்பனுக்கு வேலை இல்லை. அப்படியானால் அவை எங்கே போகின்றன என்பதை ஒரு குவளைப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தால் போதும். ரீச்சர் தம் பட்டியில் இனப்பெருக்கத்தை அனுமதிப்பதில்லை; வருகின்ற நாம்பன்களை வைத்தியரைக் கொண்டு நலமடித்துவிடுகிறார். கோமாதாவின் வம்சத்தை அறுக்கிறாள் என்று அயலூர்ப் பெரியவர் ஒருவர் ஏசினாராம். அந்தப் பெரியவர் இதுவரை ஒரு கட்டுப் புல்லும் கொண்டுவந்ததில்லை.

அரசாங்கத்துக்கும் இந்தச் சிக்கல் தெரியாததல்ல. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியபோது, விவசாயத்துக்குப் பயன்படாத வயோதிப மாடுகளுக்காகப் பொருத்தமான திட்டமொன்று நடைமுறைப்படுத்தப்படும் என்ற ஒரு வரியும் அதில் இருந்தது. இறைச்சி உண்போருக்காக அதனை இறக்குமதி செய்வது என்றும் இருந்தது. இறக்குமதி இறைச்சியும் ஒரு மாட்டின் இறைச்சிதான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வயோதிப மாடுகளுக்கான திட்டத்தின் ஒரு கட்டு வைக்கோல் இந்தப் பட்டிக்கு வந்ததில்லை. அந்த ஆண்டில் வட மாகாண மாடுகளுக்கு உடலெங்கும் கழலைகள் எழும் தோல் நோய் பரவியபோதும், மாலை தோறும் வேப்பங்குழையைப் புகைத்து இலையானைக் கலைத்தவர் அவரேதான்.

மிகக் கடினமான விடயம் ஒன்று உண்டு. படுத்த மாடு எழாவிட்டால் என்ன செய்வது? மாட்டின் பாரமே அதன் காலை நசுக்கிவிடும். தசையும் நரம்பும் செத்துப் போகும். ஆகையால் இரவும் பகலும் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று பேர் தேவை. வெள்ளைச்சி என்றொரு பசுவை அவர் பதினொரு நாட்கள் அப்படிப் புரட்டினார். பன்னிரண்டாம் நாள் கால்நடை வைத்தியரை அழைத்து, ஊசி போட்டு அனுப்பிவைக்கச் சொன்னார். ஊரில் பேச்சு எழுந்தது. இறைச்சிக்காரன் கத்தியால் செய்வதை இவள் ஊசியால் செய்கிறாள் என்றார்கள்.

இலண்டனில் வாழும் வாசகர்களுக்கு 2007 டிசம்பரில் நடந்த ஒன்று நினைவிருக்கலாம். வற்ஃபோர்ட் நகருக்கு அருகே பக்திவேதாந்த மெனர் ஆலயத்தில் எழும்ப முடியாமற் படுத்திருந்த கங்கோத்ரி என்ற 13 வயதுப் பசுவை, அந்நாட்டின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தினர் பொலிஸாருடன் வந்து ஊசி போட்டுக் கொன்றார்கள். ஆலயத்தார் அதற்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார்கள். வேதனையை நீடிப்பதே வதை என்றது ஒரு தரப்பு. பணிவிடை செய்வது எங்கள் தர்மம் என்றது மறுதரப்பு. பெரும் சர்ச்சைக்குப் பின்னர் மறு ஆண்டு அச்சங்கம் ஆலயத்துக்கு ஒரு பசுவை வழங்கியது. அக்காலத்தில் நான் ஆலயத்தின் பக்கம் நின்றே வாதாடினேன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். வெள்ளைச்சியை அனுப்பியது சரியா என்று என்னிடம் கேட்டால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து அதைப் புரட்டியவருக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமை உண்டு; புரட்டாதவர்களுக்குப் பேச உரிமை இல்லை என்பேன். அவ்வளவுதான் என் கட்சி.

புலம்பெயர்ந்த நம் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரின் நினைவு நாளுக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் மாட்டை மீட்டுக் கொடுக்கும் வழக்கம் நல்லதுதான். பணம் அனுப்பினால் மாலை போட்ட மாட்டின் படம் வந்துவிடும். அந்த மாடு மறுநாளும் சாப்பிடும். ஒரு மாட்டை வாங்கும் பணத்தில், ஏற்கெனவே நிற்கும் மாடுகளுக்குச் சில வார வைக்கோல் வாங்கலாம்; ஒரு வேலையாளின் மாதச் சம்பளத்தைக் கட்டலாம்; கொட்டிலின் மேற்குப் பக்கத்துக்குக் கூரை போடலாம். அதில் படம் எடுப்பதற்கு எதுவும் இராது. ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் தவறாமல் சிறிய தொகையொன்றை அனுப்பிவரும் ஒரு கனடா வாசியைப் பற்றி ரீச்சர் சொன்னார். அவர் ஒருநாளும் படம் கேட்டதில்லையாம். அத்தகைய பத்துப் பேர் இருந்தால் ஆவணி மாதத்தைக் கடந்துவிடலாம் என்கிறார்.

ரீச்சருக்கு இப்போது எழுபத்தொரு வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். இந்த மாடுகளில் இளையதற்கு மூன்று வயது. இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் கணக்கு இருவருக்கும் தெரிந்திருந்தது.

நான் புறப்பட இருந்த மாலையில் தொலைபேசி ஒலித்தது. பொலிஸ் நிலையமொன்றிலிருந்து. லொறியொன்றில் எட்டு மாடுகள் பிடிபட்டிருக்கின்றன, வழக்கு முடியும்வரை பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டார்கள். இடமில்லை என்றார். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். இடமில்லை ஐயா, தீனில்லை என்று மறுபடியும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து எழுந்து, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கொட்டிலின் பின்புறம் போனார். வைக்கோற்கட்டுகளை அவர் எண்ணும் சத்தம் எனக்குக் கேட்டது. நூற்றிப் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.