துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்று தீக்கிரையாயிற்று. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் பலியாயின.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. ஆனால், நோயாளியின் தாய்க்குச் சட்டமா வழிகாட்டும்? காப்பக ஊழியருக்குச் சட்டமா பொறுமை கற்பிக்கும்? அதற்கு உளவியல் வல்லுநர் வேண்டும். நம் அறக்கட்டளைகளோ கட்டடத்திற்கு வாரி வழங்குகின்றன. ஆலோசகருக்கு ஊதியம் என்றால் முகம் சுளிக்கின்றன!

உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் இணைத்து ஆயிரமாண்டுகளுக்கு முன்பே நூல் யாத்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. அவரைப் பெற்ற சமுதாயம் துஆவை மருந்துக்குப் பகையாக்கலாமா?

நம் மருத்துவமனைகளும் அநாதை நிலையங்களும் உளவியல் ஆலோசகரை நியமிக்கட்டும்; அவர் சொல்லுக்குச் செவியும் சாய்க்கட்டும்.