வாலிபர் பணியும் ஒரு தொழிலே
"வாலிபர் மத்தியில் பணிசெய்வதே என் வேலை" என்று உங்கள் மகன் சொன்னால், "அது ஊழியம், சரி, பிழைப்புக்கு என்ன செய்வாய்?" என்றுதானே கேட்பீர்கள்? நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தில் அதற்கு விடை உண்டு. 1844-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் லண்டன் துணிக்கடை ஊழியருக்காகத் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. போன்ற முயற்சிகளில் வேர்கொண்ட இப்பணி, இன்று அங்கே முறையான தொழில். தகுதிபெற்ற இளைஞர் பணியாளராக அங்கீகாரம் பெற, 2010 முதல் பட்டம் வேண்டும். கல்லூரிக்குக் கட்டணம் செலுத்தியும் பயிலலாம். தொழிற்பயிற்சிப் பட்டத்தின் வழியாகவும் பயிலலாம். பின்னதில் பயிலுநர் முதல் நாளிலிருந்தே ஊதியம் பெறும் ஊழியர்; கல்விக் கட்டணம் அவர் தலைமேல் விழாது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், மன்றத்திலும் தெருமுனையிலும் வாலிபரைச் சந்தித்தபடியே படிக்கிறார்.

பாடநூலைவிடக் கடினமான பகுதி வேறு. இங்கே வருகைப்பதிவு இல்லை. விருப்பமிருந்தால் வருவார்கள், இல்லையேல் நாளை வரமாட்டார்கள். அப்படி நம்பி வந்த ஒரு பெண்பிள்ளை தனக்கு நேர்ந்த அத்துமீறலைச் சொல்லும்போது, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கலாகாது. அவளைக் கைவிடாமல், உரியவரிடம் தெரிவிப்பது எப்படி என்பது பயின்றே அறியவேண்டியது. நல்ல மனதும் கிட்டாரும் அதற்குப் போதா.

நம் தேசத்திலும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். உங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடத்தும் அந்த இருபது வயதுச் சகோதரனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? வரும் ஞாயிறு மூப்பரிடம் கேளுங்கள்.